ஆள் வராத பங்கு

அத்தியாயம் 6

"அழலைன்னு ஒருத்தியைப் பிடிச்சுட்டுப் போக எந்தச் சட்டத்துல இடம் இருக்கு, டியூக்?"

போலீஸ் கார்ப்பரல் டியூக் தொப்பியால் விசிறிக்கொண்டார். ஊரே டான்ட்டி, அதாவது அத்தை, என்று கூப்பிடும் ஓடீலின் விடுதி வராந்தாவில் காற்று என்ற பேச்சே இல்லை. கடலும் மூன்று நாளாக அசையாமல் கிடந்தது. அசைந்தால் ஒரு பிணமாவது கரைக்கு வந்திருக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பிடிச்சுட்டுப் போகல, மிஸ் வெர்னா. விசாரணைக்குத்தான். டிரினிடாட்ல இருந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் கப்பல் ஏறி ஜாலியா ஒரு வாரம் இருக்கலாம்னு நம்ம டொபேகோவுக்கு வந்தாங்க. இப்ப மூணு பேர்தான் இருக்காங்க. கெஸ்டரைக் காணோம். துணியும் செருப்பும் பெலிக்கன் பாறை மேல இருந்துச்சு. புதன்கிழமை சாயந்திரம் இந்தப் பொண்ணு நடீரா, அவனைக் கட்டிக்கப் போறவ, தெருவே கேட்க அவன்கூடச் சண்டை போட்டிருக்கா. அப்புறம் பாறைப் பக்கம் இருந்து ஈரத் தலையோட வந்திருக்கா. கூட வந்த லிஸ்ட்ரா பார்த்திருக்கா. அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது."

"என் வீட்டுக்காரர் போனப்ப நான் ஒரு மாசம் அழலை," என்றார் மிஸ் வெர்னா. "ஒன்பதாம் நாள் துக்கத்துக்கு வந்தவங்களுக்கு நானே காபி ஊத்தினேன். சர்க்கரை போதுமான்னு கூடக் கேட்டேன். என்னையும் அப்பவே உள்ள போட்டிருக்கலாமே?"

டியூக் தொப்பியைப் பார்த்துக்கொண்டார். மிஸ் வெர்னா இன்ஸ்பெக்டராக இருந்தபோது இவர் அவருக்குக் கீழே டீ வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"மூணு மணி வண்டில கெஸ்டரோட அம்மா வராங்க. யார் என் பிள்ளையைக் கொன்னதுன்னு கேட்டா நான் எதையாவது காட்டணும். அது வரைக்கும் உங்களுக்கு டைம்."

மணி பன்னிரண்டரை.

நான் எஸ்ரா. டாக்ஸி ஓட்டுகிறவன். மிஸ் வெர்னாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கு வாயை மூடத் தெரியாது. இப்படித்தான் நான் அவருடைய உதவியாளன் ஆனேன். இரண்டு நாள் படகில் உட்கார்ந்து "கெஸ்டர், கெஸ்டர்" என்று கடலைப் பார்த்துக் கத்தியவர்களில் நானும் ஒருத்தன். முதல் நாள் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பதில் வருமா என்று காது கொடுத்தேன். இரண்டாம் நாள் ஐஸ் விற்கிறவன் மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது, ஆனால் அந்த வெறுப்பும் சரியாக வரவில்லை.

வராந்தாவின் ஒரு மூலையில் லிஸ்ட்ரா அழுதுகொண்டிருந்தாள். வியாழக்கிழமை ஆரம்பித்த அழுகை. துண்டு மாற்றி மாற்றிக் கொடுத்தே டான்ட்டி ஓடீல் களைத்துப்போயிருந்தார். பக்கத்தில் அவர்களோடு வந்த மார்லன், ஆறடி ஆள், அணைந்துபோன செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நடீரா படிக்கட்டில் இருந்தாள். முன்னால் ஒரு தட்டு பெலாவ் சோறு ஆறிப்போய் ஈ மொய்த்தது. அவள் ஈயை விரட்டவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

மிஸ் வெர்னா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னம்மா சொன்ன அவன்கிட்ட?"

"ஆகஸ்ட்ல கல்யாணம். எந்தச் சர்ச்சுன்னு கேட்டா பேச்சை மாத்துவான். புதன்கிழமையும் மாத்தினான். 'இப்படியே இருக்கிறதுக்கு நீ கடல்ல போய் விழு'ன்னு சொன்னேன்." பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல். "போனான்."

"ஈரத் தலை?"

"அரை மணி நேரம் கழிச்சுத் தேடப் போனேன். பாறைகிட்ட அலை அடிச்சுது. ஆளைக் காணோம், இருட்டுல துணியும் கண்ணுல படல. திரும்பி வந்தா ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி அவன்கிட்ட. இதே படியில உட்கார்ந்திருந்தேன். டான்ட்டி வந்து வேற சாவி போட்டுத் திறந்தாங்க." அவள் நிமிர்ந்தாள். "மிஸ் வெர்னா, எனக்கு எதுவுமே தோணலை. பசியும் இல்ல, பயமும் இல்ல. கார்ப்பரல் என்னை எங்க வேணாலும் கூட்டிட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு மட்டும் தெரியணும். நான் சொன்ன வார்த்தைதான் அவனைக் கொன்னுச்சா?"

மிஸ் வெர்னா ஈ மொய்த்த தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். தெரியாததைச் சொல்லி ஆறுதல் தருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

டான்ட்டி ஓடீல் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஆளைத் தேடுறீங்க, சரி. என் சாவியை யாரு தேடுறது? எங்க வீட்டுக்காரர் கையால ஆமை செதுக்கின கட்டை அதுல தொங்கிச்சு. புதன்கிழமை சாவி போச்சு. அன்னைக்கே கொடியில காஞ்ச இந்தத் தடியனோட பேண்ட்டும் சட்டையும் போச்சு. என் வீட்டுல முப்பது வருஷமா ஒரு ஊசி தொலைஞ்சதில்ல."

"டான்ட்டி, விடுங்க. பழைய பேண்ட்," என்றான் மார்லன் செத்த குரலில்.

"டியூக், பாறை மேல இருந்த துணில சாவி இருந்துச்சா?" என்றார் மிஸ் வெர்னா.

"இல்ல. கடல்ல விழுந்திருக்கும்."

"அப்ப நான் ஆளைத் தேடல. சாவியைத் தேடுறேன். எஸ்ரா, எந்திரி."

"இன்னும் சாப்பிடலை, மிஸ் வெர்னா."

"நீ காலையில இருந்து சாப்பிடறதை நிறுத்தலை. எந்திரி."

பெலிக்கன் பாறையில் பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளையாகப் பறவை எச்சம், அதன்மேல் வெயில். மிஸ் வெர்னா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செருப்பை எப்படி விட்டிருந்தானாம்?"

"ஜோடியா. சட்டை மடிச்சு, அதுமேல செருப்பு. எங்க அம்மா பார்த்திருந்தா மெடல் குடுத்திருக்கும்."

"சண்டை போட்டுட்டுக் கோபத்துல வந்தவன் சட்டையை மடிப்பானா?"

"நான் கோபத்துல சட்டையைக் கிழிப்பேன். அப்புறம் நானே தைப்பேன்."

"ரூமைப் பூட்டிட்டு வேற வந்திருக்கான். சாகப் போறவன் கதவைப் பூட்டுவானா, எஸ்ரா?"

எனக்குத் தெரியவில்லை. நான் இதுவரை செத்ததில்லை.

பாறையிலிருந்து ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். அது விடுதிக்குப் போகாமல் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு வண்டி நிற்கிற இடத்துக்குப் போகிறது. நடுவில் இருப்பது கரைவலை போடுகிற கேப்டன் பாஸ்கோவின் வலைக்கொட்டகை மட்டும். அங்கே போய்ச் சேர்ந்தபோது என் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

கொட்டகை நிழலில் பாஸ்கோ கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். எழுபது வயது, கை மட்டும் முப்பது வயது ஆளுடையது. கூரை விளிம்பில் ஒரு ஆணி. ஆணியில் ஒரே ஒரு சூரை மீன், வயிறு கீறி உப்புத் தடவி, பாதிக் கருவாடாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பசி என்னைத் தள்ளியது. கையை நீட்டினேன்.

பாஸ்கோ வலை ஊசியாலேயே என் மணிக்கட்டில் ஒன்று போட்டார்.

"அதுக்கு ஆள் இருக்கு."

"யாரு, கேப்டன்?" மிஸ் வெர்னா குடையை மடக்கினார்.

"கயிறு இழுத்தவன். பங்கு வாங்காமப் போயிட்டான். வருவான்."

"நான் மேட்டுத் தெருவில இருக்கிறவ. மீன் கடையில வாங்கித்தான் எனக்குப் பழக்கம். கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க."

பாஸ்கோ ஊசியைக் கீழே வைத்தார். இந்த விஷயத்தைச் சொல்வதென்றால் அவருக்கு வேலையும் பெரிதில்லை.

"கரைவலை இழுக்கச் சங்கு ஊதினா யார் வேணாலும் வந்து கயித்தைப் பிடிக்கலாம். பிடிச்ச ஒவ்வொரு கைக்கும் மீன் உண்டு. இழுக்க வர்றவன் செருப்பைக் கழட்டி இங்க வரிசையா விடுவான். மீன் வந்ததும் ஒவ்வொரு ஜோடி செருப்புகிட்டயும் ஒரு பங்கு. ஆளை எண்ண மாட்டேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். செருப்பை மட்டும்தான் பார்ப்பேன். அப்பத்தான் சொந்தக்காரன், வேண்டாதவன்னு கை ஒரு பக்கம் சாயாது. ஆள் வரலைன்னா உப்புப் போட்டுத் தொங்கவிடுவேன். இன்னொருத்தன் தின்னக் கூடாது."

"இந்தப் பங்கு என்னைக்கு உள்ளது?"

"வியாழக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி இழுத்தது."

"செருப்பு எங்க?"

"அதுதான் வேடிக்கை. அவன் வெறுங்கால். பாதையில இருட்டுல ஒருத்தன் போனான். ஆள் பத்தலை, 'ஏய், கயித்தைப் பிடி'ன்னு கத்தினேன். ஒரு நிமிஷம் தயங்கினான். அப்புறம் வந்து பிடிச்சான். இழுத்தான் பாரு! டூரிஸ்ட் மாதிரி கையால இல்ல. குதிகாலை மண்ணுல புதைச்சு, இடுப்பால இழுத்தான். கடைசி வரைக்கும் வந்ததும் கயித்தைச் சுருட்டிப் போட்டுட்டு மறுபடி முன்னாடி ஓடினான். வலை ஊர்ல பிறந்தவன்."

"செருப்பு இல்லாதவன் பங்குக்கு என்ன வச்சான்?"

"பாக்கெட்டைத் தடவினான். இருந்ததை வச்சான்."

பாஸ்கோ எழுந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஊசி, நூல், கூடவே ஒரு சாவி. சாவியில் ஒரு மரக்கட்டை. கட்டையில் ஆமை.

டப்பாவுக்குள் குனிந்து அந்த ஆமையை இரண்டு தடவை பார்த்தேன். புதன்கிழமை சாயந்திரம் கடலில் மூழ்கியவன் வியாழக்கிழமை விடியலில் வலை இழுத்திருக்கிறான். நான் அதற்குப் பிறகு இரண்டு நாள் தொண்டை கிழிய அவனைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"கேப்டன், இது ஓடீல் விடுதிச் சாவின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஓடீல் வாசப்படியை மிதிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு கேக் விஷயமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

"போலீஸ் வந்தாங்களே, அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"தண்ணியில பிணம் மிதந்துச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். பங்கைப் பத்தி எவனும் கேட்கல." பாஸ்கோவுக்குக் கோபம் வந்தது. "செத்துப்போனவன் வலை இழுப்பான்னு நான் எதுக்கு நினைக்கணும்?"

"அவன் ஏன் பங்கை வாங்காமப் போனான்?"

"வெளிச்சம் வந்ததும், பாறையில துணி கிடக்கிறதை யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தடியன், மார்லனோ என்னமோ, துண்டைப் போட்டுக்கிட்டு நானும் இழுக்கிறேன்னு வந்தான். திரும்பிப் பார்க்கிறேன், வெறுங்கால்காரனைக் காணோம். எந்த முட்டாள் ஒரு சூரையை விட்டுட்டுப் போவான்?"

மிஸ் வெர்னா சாவிக்குக் கையை நீட்டினார். பாஸ்கோ டப்பாவை மூடினார்.

"இழுத்தவன்தான் வரணும். மீனையும் சேர்த்து வாங்கிக்கணும். நேத்து அந்தப் பொண்ணுகிட்டயும் இதையேதான் சொன்னேன்."

மிஸ் வெர்னாவின் கை அப்படியே நின்றது. "எந்தப் பொண்ணு?"

"ஓயாம அழுதுகிட்டே இருக்கே, அது. வெள்ளிக்கிழமை வந்து, 'இங்க யாராவது ஒரு சாவியை வச்சுட்டுப் போனாங்களா, கேப்டன்'னு கேட்டுச்சு. அப்ப மட்டும் அழலை."

திரும்பி நடக்கையில் மிஸ் வெர்னா சொன்னார். "துணியை, செருப்பை எல்லாம் பாறையில விட்டான். மாத்திக்கக் கொடியில காஞ்ச பேண்ட், சட்டை யாரோ எடுத்துக் குடுத்தாங்க. செருப்பு குடுக்க மறந்துட்டாங்க. ராத்திரி புதர்ல கிடந்துட்டு முதல் வண்டியைப் பிடிக்கப் போயிருக்கான். அப்ப சங்கு ஊதினாங்க."

"ஊர் உலகத்தையே ஏமாத்தப் போறவன், ஒரு கிழவன் கூப்பிட்டதும் கயிறு இழுத்தானா?"

"டிரினிடாட்ல மாயாரோ ஊர்க்காரன் அவன். அங்கயும் கரைவலைதான். அம்மாவை ஏமாத்தலாம், கட்டிக்கப் போறவளை ஏமாத்தலாம். கயித்தைப் பிடின்னு சொன்னா மட்டும் அவனுக்கு முடியாதுன்னு சொல்ல வரல."

அவர் குரலில் வெற்றி இல்லை. எனக்கும் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் சந்தோஷம் வர வேண்டும். மரத்துப்போன காலில் கிள்ளுகிற மாதிரிதான் இருந்தது. பாஸ்கோ டப்பாவோடும் மீனோடும் எங்கள் பின்னால் வந்தார், யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்பதற்காக.

வராந்தாவில் எல்லாம் விட்டபடியே இருந்தது. பாஸ்கோ படியேறினார். பதினோரு வருடம் கழித்து அவரைப் பார்த்த டான்ட்டி ஓடீல் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். பாஸ்கோ கருவாட்டை மேஜைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் சாவியை வைத்தார்.

"என் ஆமை!" என்றார் டான்ட்டி.

லிஸ்ட்ராவின் அழுகை நின்றது. குழாயை மூடினால் கூட இரண்டு சொட்டு விழும். இது அப்படியே நின்றது.

"டியூக், மூணு நாளா நீங்க அழாதவளையே பார்த்துட்டு இருந்தீங்க," என்றார் மிஸ் வெர்னா. "லிஸ்ட்ரா, இந்த மீனுக்கு உரியவனைக் கூப்பிடும்மா. வந்து வாங்கிக்கச் சொல்லு."

"எனக்கு... எனக்குத் தெரியாது."

"வெள்ளிக்கிழமை கேப்டன்கிட்ட இந்தச் சாவியைக் கேட்டியே. சாவி அங்க இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது? வச்சவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சாவி சிக்கினா உயிரோட இருக்கிறது தெரிஞ்சுடும்னு அவன்தானே உன்னை அனுப்பினான்?"

மார்லன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். "என் பேண்ட்டை நீயா எடுத்த?"

லிஸ்ட்ரா துண்டைக் கையில் முறுக்கினாள். பிறகு பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது. "அவனுக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லத் தெரியல. ரெண்டு நாள் டைம் குடு, நானே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்றேன்னான். நாளைக்கு, நாளைக்குங்கிறான். இதே தீவுல, சார்லட்வில் ஊர்ல எங்க அத்தை வீட்டுல இருக்கான். ஈரத் தலையைப் பார்த்தேன், அதை மட்டும்தான் சொன்னேன், கார்ப்பரல் கேட்டாரு..."

"நீயும் அவனுமா?" என்றாள் நடீரா.

லிஸ்ட்ரா துண்டில் முகத்தைப் புதைத்தாள். அதுவே பதில்.

நடீராவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழுந்து வந்து மேஜை அருகே நின்றாள். "போன் போடு. எனக்குக் கேட்கிற மாதிரி போடு."

மணி அடித்தது. மூன்று தடவை, நான்கு தடவை. பிறகு எடுத்தான்.

"லிஸ், சாவி கிடைச்சுதா? கிழவன் குடுத்தானா?"

மூன்று நாள் கடல் கொடுக்காத குரல். பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது. மார்லன் எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"கெஸ்டர்," என்றாள் நடீரா. "உங்க அம்மா மூணு மணி வண்டில வராங்க. கறுப்புத் துணி போட்டுட்டு வராங்க. வந்து நீயே சொல்லிடு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவன் வைத்துவிட்டான்.

கார்ப்பரல் டியூக் தொப்பியை மாட்டிக்கொண்டார். "லிஸ்ட்ரா, அவன் எங்கன்னு தெரியாதுன்னு குடுத்த பொய் வாக்குமூலத்துக்கு நீ என்கூட வரணும்."

"போலீஸ் வண்டில சீட்டு அதேதான், ஆள்தான் மாறிடுச்சு," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மிஸ் வெர்னா நடீராவின் தோளைத் தொட்டார். "உன் வார்த்தை யாரையும் கொல்லல. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றாள். "தேங்க்ஸ், மிஸ் வெர்னா." ரசீது வாங்கிக்கொள்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அதைக் கேட்கத் துக்கமாக இருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக உண்மையாகவே துக்கமாக இருந்தது.

அப்போது கீழே சங்கு ஊதியது. மீன் வருகிறதா என்று குன்றுமேல் காவல் உட்கார்ந்திருந்தவன் மீன் கூட்டத்தைப் பார்த்துவிட்டான். பாஸ்கோ மீனையும் சாவியையும் மறந்து படியிறங்கி ஓடினார். நடீரா ஒரு வினாடி நின்றாள். பிறகு அவளும் இறங்கினாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டிருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தாள். இழுக்கத் தெரியவில்லை. குதிகாலைப் புதைக்காமல், கையாலேயே இழுத்தாள். முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்ததையும் காதில் வாங்கவில்லை. ஈரக் கயிறு நழுவியது, பிடித்தாள், மறுபடி நழுவியது. மிஸ் வெர்னா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் செருப்பையும் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்று கயிற்றைப் பிடித்தார்.

வலையின் மடி கரையேறியபோது வெள்ளியாக மீன் துள்ளியது. எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டு அங்கே ஓடினார்கள். நடீரா மட்டும் நின்ற இடத்திலேயே உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்து, உப்புத் தண்ணீர் பட்டுச் சிவந்திருந்தது.

"மிஸ் வெர்னா," என்றாள் ஆச்சரியமாக. "வலிக்குது."

"வலிக்கும்மா."

"ரொம்ப வலிக்குது." அவள் மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வாயைத் திறந்து, சத்தம் போட்டு அழுதாள். மிஸ் வெர்னா தடுக்கவில்லை. நானும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே சாலை வளைவில் மூன்று மணி வண்டியின் ஹாரன் கேட்டது. நடீரா முழங்கையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள்.

"நானே போய்ச் சொல்றேன். அவன் வர மாட்டான்."

அழுதபடியே, வெறுங்காலோடு மேட்டை நோக்கி நடந்தாள். பாஸ்கோ வரிசையாகப் பங்கு வைத்துக்கொண்டே வந்து அவள் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். கூடையிலிருந்து ஒரு நல்ல சூரையை எடுத்து வைத்தார். ஒரு சின்னப் பெண் செருப்பைத் தாண்டி அதைத் தொட்டுப் பார்க்க வந்தாள்.

"தொடாதே," என்றார் பாஸ்கோ. "அதுக்கு ஆள் வரும்."